கோடையில் யாரும் வருவதில்லை

தண்ணீருக்குள் இருந்தவரை நெவில் கனக்கவே இல்லை. ஷெரில் அவருடைய இரண்டு கக்கங்களிலும் கை கொடுத்துப் பின்னோக்கி நடக்க, மார்பளவு வெந்நீரில் அவர் மல்லாந்தபடி கூடவே மிதந்து வந்தார். மரப்படிகளை எட்டிய பிறகுதான் எண்பது வயது உடம்பின் எடை முழுவதும் ஒரேயடியாக அவள் கையில் இறங்கியது. எடை என்றால் என்ன பெரிய எடை, ஐம்பத்து மூன்று கிலோ. போன வாரம்தான் ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்தார்கள். ஆனாலும் முதல் படியில் அவரை ஏற்ற அவளால் முடியவில்லை.

“இழுக்காத கண்ணு, இரு. முதுகு பிடிச்சுக்கும்,” என்றாள் மேலே நின்ற ரோண்டா. “கித்தான அடியில விடுறேன். ரெண்டு பேருமாத் தூக்கலாம்.”

ரோண்டா அந்த வெந்நீர் ஊற்றைப் பார்த்துக்கொள்ளும் காவலர். அந்த நிலமும் அவளுடைய பூர்வகுடிச் சனங்களுடையதுதான். அறுபது வயதிருக்கும். முழங்கால் இரண்டும் போய்விட்டன என்று நேற்றே சொல்லியிருந்தாள். இருந்தும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கித்தானை நெவிலுக்கு அடியில் செலுத்தி, இரண்டு முனைகளைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை அவர் பலகைத்தளத்துக்கு வந்து சேர்ந்தார். இரண்டு பெண்களும் அவருக்கு இரு பக்கமும் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். ஈக்கள் உடனே வந்துவிட்டன.

ஷெரில் தன் துண்டை எடுத்து அவர் முகத்தின் மேல் போட்டாள். பிறகு வயிற்றின் இடப்பக்கம் ஒட்டியிருந்த பையைச் சரிபார்த்தாள். அது பழக்கதோஷம். ரோண்டா அந்தப் பக்கம் பார்க்காமல் நாணற்புதரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் காலை ஏழு மணிக்கு. அதற்குள்ளேயே முப்பத்தாறு டிகிரி. மத்தியானம் நாற்பத்தாறைத் தொடும் என்று முதல்நாள் ரேடியோவில் சொல்லியிருந்தார்கள்.

“இவர இங்க வச்சிருக்க முடியாது,” என்றாள் ரோண்டா. கொஞ்சம் தயங்கிவிட்டு, “எங்கிட்ட குளிர் ரூம் இருக்கு. சீசன்ல கடைக்குச் சரக்கு வைக்கிறது. இப்ப காலியாத்தான் கிடக்கு. பீர் மட்டும் கொஞ்சம் இருக்கு, எடுத்துடுறேன்,” என்றாள்.

ஷெரில் தலையாட்டினாள். பேசினால் அழுகை வரும் என்றில்லை. பேசவே அலுப்பாக இருந்தது.

நெவில் அவளுடைய மாமனார். அதாவது, ஒன்பது வருஷங்களுக்கு முன்பு வரை. அவருடைய ஒரே மகன் கிளென் வேலையிடத்தில் வேறொரு பெண்ணோடு பழகி, அவளோடு போர்ட் பிரி என்ற ஊருக்குக் குடிபோனான். வீட்டை விற்றுப் பாதிப் பாதி எடுத்துக்கொண்டார்கள். ஷெரில் போர்ட் அகஸ்டாவிலேயே சின்ன வீடொன்று பார்த்துக்கொண்டாள். குடிபுகுந்த முதல் வியாழக்கிழமை காலையில் புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். மாமனார் முன்வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். பழைய வீட்டிலும் வியாழக்கிழமைதான் வெட்டுவார். வெட்டி முடித்து, டீ குடித்துவிட்டு, அடுத்த வாரம் ஓரத்தைச் சீராக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு வியாழன்கூடத் தப்பவில்லை. மாமியார் ஜாய்ஸ் போய்ச் சேர்ந்த வாரமும் வந்தார்.

இரண்டு வருஷங்களுக்கு முன்பு குடலில் கட்டி என்றார்கள். அறுத்து எடுத்து, வயிற்றில் மலம் சேரும் பை வைத்து அனுப்பினார்கள். அதுவரை எப்போதாவது போய்வந்த ஷெரில் அதன் பிறகு வியாழக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். பிறகு செவ்வாயும். பிறகு எல்லா நாளும். முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கி, இரண்டு மணிக்கு முடித்து, அங்கிருந்து நேராக அவரிடம். பை மாற்றுவது, படுக்கை விரிப்பைத் துவைப்பது, அவர் சாப்பிடாமல் மூடி வைத்ததை எடுத்துக் கொட்டுவது. ஐம்பத்து நான்கு வயதில் அவள் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் தூங்கிவிடுகிறவளாக ஆகியிருந்தாள்.

கட்டி திரும்பவும் வந்துவிட்டது, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று நவம்பரில் டாக்டர் சொன்னார். அன்றைக்குக் காரில் வரும்போது நெவில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஊற்றுக்குப் போக வேண்டும் என்றார். இளவயதில் அவர் ரயில்வேயில் கேங்மேனாக இருந்தார். வடக்கே போகும் பழைய பாதையில் தண்டவாளம் சரிசெய்கிற கும்பல். அந்தப் பாதையையே ரயில்வே கைவிட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஓய்வு நாளில் கும்பல் முழுவதும் லாரியில் ஏறி ஊற்றுக்குப் போய்விடுமாம். அதுவும் நல்ல கோடையில். வெந்நீரில் அரைமணி நேரம் கிடந்துவிட்டு எழுந்தால் நாற்பது டிகிரிக் காற்றுகூடச் சில்லென்று இருக்கும், அது போதும் எங்களுக்கு என்பார்.

ஷெரில் ஜூலையில் போகலாம் என்றாள். அங்கே அதுதான் குளிர்காலம், எல்லோரும் அப்போதுதான் போவார்கள். நெவில் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“ஜூலைல நான் இருக்க மாட்டேன், ஷெர். இருந்தாலும் அந்தக் கேரவன்ல வர்ற டூரிஸ்ட் கூட்டத்துக்கு முன்னால இந்தப் பையோட சட்டையக் கழட்டச் சொல்றியா?”

ஜனவரியில் ஐந்து நாள் லீவு சொன்னாள். பத்து மணி நேர ஓட்டம். பாதிக்கு மேல் அலையலையாய் வரிவிழுந்த செம்மண் சாலை. குலுங்கும்போதெல்லாம் அவர் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வந்து இறங்கியதும் ரோண்டா அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஜனவரில இங்க வர்றது ரெண்டே ரகம். ஒண்ணு ஜெர்மன்காரன், இன்னொண்ணு கிறுக்கன். உங்களப் பாத்தா ஜெர்மன் மாதிரி தெரியலியே,” என்றாள். நெவில் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் பல் தெரியச் சிரித்ததை ஷெரில் அப்போதுதான் பார்த்தாள்.

இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தார். விடியுமுன் தண்ணீரில் இறங்கி, படியிலிருந்து சற்றுத் தள்ளி மூழ்கியிருந்த பலகையில் கழுத்தளவு உட்கார்ந்துகொள்வார். மற்ற நேரமெல்லாம் கரையில் போட்டிருந்த கூரைக்கடியில் மடக்கு நாற்காலியில் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு கிடப்பார்.

மூன்றாம் நாள் காலை அவரைத் தண்ணீரில் உட்கார்த்திவிட்டு ஷெரில் டீ போடப் போனாள். இரண்டு குவளைகளோடு திரும்பியபோது அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கரைமரத்தின் வேரில் பதிந்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து தன் டீயைப் பாதி குடித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. காரை எடுத்துக்கொண்டு போய் ரோண்டாவைக் கூட்டிவந்தாள்.

ரோண்டாவின் வீட்டில் சாட்டிலைட் போன் இருந்தது. முதலில் போலீசுக்கு. நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஸ்டேஷனிலிருந்து மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார்கள். பிறகு கிளெனுக்கு. நம்பர் அவளுக்கு மனப்பாடம், அவன் மாற்றவேயில்லை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

“கிளென், ஷெரில் பேசறேன்.”

அந்தப் போனில் ஒரு பக்கம் சொல்வது மறுபக்கம் போய்ச்சேரச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் அவள் ரோண்டாவின் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்பாவா?”

“ஆமா. காலைல.”

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டான். ஆஸ்பத்திரி இல்லை என்று இடத்தைச் சொன்னாள். மறுபடியும் இடைவெளி.

“ஜனவரிலயா? எம்பது வயசு மனுஷன ஜனவரில அங்கயா கூட்டிட்டுப் போன? உனக்கென்ன பைத்தியமா?”

பிறகு அவனே, ராத்திரி கிளம்பி நாளைக் காலை வந்துவிடுவதாகச் சொன்னான். வைக்கப் போகிறான் என்று நினைத்தபோது, “கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?” என்று கேட்டான்.

“தூங்கற மாதிரியே போயிட்டாரு,” என்றாள் ஷெரில்.

அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம், ஆறு மணிக்கு, வெயில் இன்னும் நாற்பத்தொன்றில் நின்றபோது, நெவில் நாற்காலியில் இருந்தபடியே அவளைக் கூப்பிட்டார். கிளெனுக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். நான்கு வருஷமாக அப்பாவும் மகனும் பேசிக்கொண்டதில்லை. கிளென் அந்தப் பெண்ணை முறைப்படி கல்யாணம் செய்துகொண்டபோது நெவில் போகவில்லை. போகாததோடு, எனக்கு ஒரு மருமகள் இருக்கிறாள், இன்னொருத்தி வேண்டாம் என்று ஒரு வரி எழுதி அனுப்பியும் விட்டார். அதோடு கிளென் வருவதை நிறுத்திக்கொண்டான்.

அப்படிப்பட்டவர் அன்றைக்குத் தானாகக் கேட்டார். போன் இருப்பது ரோண்டாவின் வீட்டில், ஒரு கிலோமீட்டர். அவரை எழுப்பிக் காரில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் அவள் போய் வாங்கிவர வேண்டும். அன்று அவருடைய பை இரண்டு முறை கசிந்து, விரிப்பை இரண்டு முறை துவைத்துக் காயப்போட்டிருந்தாள். கை விரல்களை மடக்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க மனம் வரவில்லை. நாளைக் காலையில் பேசலாம் நெவ் என்றாள். சரி, நாளைக்கு என்றார் அவர். அவ்வளவுதான்.

மத்தியானம் வந்த போலீஸ்காரர் ஹாலம் சின்ன வயதுக்காரர். குளிர் அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். போர்ட் அகஸ்டா டாக்டரோடு போனில் பேசினார். எதிர்பார்த்த மரணம்தான், சான்றிதழ் தருகிறேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரோண்டாவின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார்கள்.

“இறந்தவருக்கு நீங்க என்ன வேணும்?”

“மருமக.”

அவர் எழுதினார். “அப்ப மகன் உங்க வீட்டுக்காரர்.”

“இப்ப இல்ல. ஒன்பது வருஷமாச்சு.”

ஹாலம் எழுதியதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பேனாவைத் திருகினார். அவருக்குச் சங்கடமாக இருந்தது. “அப்ப உறவுன்னு என்ன போட?”

“வியாழக்கிழமை வருவாரு,” என்றாள் ஷெரில்.

“பராமரிப்பவர்னு போட்டுக்கவா?”

“போட்டுக்கங்க.”

அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் உடம்பை எடுத்துப்போகக் கையெழுத்துப் போடுவது பராமரிப்பவரால் ஆகாது, மகன்தான் போட வேண்டும் என்றார். காத்திருக்கச் சொன்னார். அவள் காத்திருந்தாள். அன்று இரவு ரோண்டா தன் மகளின் அறையை ஒழித்துக் கொடுத்தாள். படுத்தது மட்டும்தான் ஷெரிலுக்கு நினைவிருந்தது. ஒரு மரணத்தை வைத்துக்கொண்டு பத்து மணி நேரம் அசையாமல் தூங்கியதை எண்ணி மறுநாள் காலை வெட்கமாக இருந்தது.

கிளென் ஒன்பது மணிக்கு வந்தான். வண்டியெல்லாம் செம்மண். அவனுக்கு ஐம்பத்தாறு வயது, தொப்பை போட்டிருந்தது. நெவிலின் காது அவனுக்கு, பக்கவாட்டில் விரிந்த பெரிய காது. சாலையோரக் கடையின் முன்னால் காரிலேயே இரண்டு மணி நேரம் தூங்கினானாம். ரோண்டாவோடு கை குலுக்கினான். ஷெரிலைப் பார்த்துத் தலையசைத்தான். எங்கே என்று கேட்டான்.

குளிர் அறையில் ஒரு பக்க அலமாரிகளை அகற்றி, கட்டில் போட்டு, வெள்ளை விரிப்பு போர்த்தியிருந்தார்கள். ரோண்டா பீர்ப் பெட்டிகளையெல்லாம் எடுத்துவிட்டிருந்தாள், ஒன்று மட்டும் மூலையில் விடுபட்டிருந்தது. கிளென் அதைத்தான் முதலில் பார்த்தான்.

“நல்ல இடம்தான். தெரிஞ்சா சந்தோஷப்படுவாரு,” என்றான். சொன்ன பிறகு அவன் முகம் கோணிப்போயிற்று.

விரிப்பை விலக்கினான். நெவில் நீச்சல் கால்சட்டையோடுதான் இருந்தார். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். கிளென் முகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான், பிறகு வயிற்றில் இருந்த பையைப் பார்த்தான்.

“இது என்ன?”

ஷெரில் சொன்னாள்.

“எப்பலேர்ந்து?”

“ரெண்டு வருஷமா.”

“எங்கிட்ட யாரும் சொல்லலியே.”

“சொல்லாதேன்னாரு.”

அவன் விரிப்பைத் திரும்பப் போர்த்தினான். ஓரங்களை இழுத்து, சுருக்கமில்லாமல் செருகினான். வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. இருவரும் அவனுடைய காரில் ஊற்றுக்குப் போய், அங்கிருந்த கூரைக்கடியில் உட்கார்ந்தார்கள். சவ வண்டி மூன்று மணிக்கு வரும் என்று ஹாலம் சொல்லியிருந்தார். நெவிலின் மடக்கு நாற்காலி அங்கேயே இருந்தது. இருவருமே அதில் உட்காரவில்லை, பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள்.

அடக்கம் எங்கே என்று ஷெரில் கேட்டாள். போர்ட் அகஸ்டாவில் அம்மாவுக்குப் பக்கத்தில் என்றான். அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். அதில் பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது. தண்ணீரில் ஆவி எதுவும் எழவில்லை. காற்று அதைவிடச் சூடாக இருந்தது.

“சொல்லாதேன்னா சொல்லாமலே இருந்துடறதா?” என்றான் கிளென் திடீரென்று. குரலை உயர்த்தவில்லை. “ஒரு வரி எழுதிப் போட்டா என்ன? நான் என்ன செவ்வாய் கிரகத்துலயா இருந்தேன்? தொண்ணூறு கிலோமீட்டர்.”

“தொண்ணூறு கிலோமீட்டர்தான். நீயும் வந்திருக்கலாம்.”

“வந்தா? வாசல்லயே நின்னு ஷெர் எப்படியிருக்கா தெரியுமா, ஷெர் என்ன செஞ்சா தெரியுமாம்பாரு. கடைசியா வந்த அன்னிக்கு அதான் நடந்துச்சு. எங்க அம்மா நாற்காலில நீ உக்காந்து பட்டாணி உரிச்சுக்கிட்டிருந்த.” அவன் கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டான். “வீட்டப் பாதியா பிரிச்சோம். சாமான் செட்டெல்லாம் பாதியா பிரிச்சோம். அவர மட்டும் நீ முழுசா எடுத்துக்கிட்ட, ஷெரில்.”

நான் எடுக்கவில்லை, நீ விட்டுவிட்டுப் போனாய் என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவன் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பான், அவளும் தன் வழியே போயிருப்பாள், முந்தாநாள் சாயங்காலம் அவளோடேயே இருந்துவிட்டிருக்கும். அவளுக்குத் தெரியும். ஆனால் அதை வீடுவரை தூக்கிக்கொண்டு போவதை நினைத்தாலே மலைப்பாக இருந்தது. தூக்கித் தூக்கி அவள் ஓய்ந்திருந்தாள்.

“போன்ல ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்,” என்றாள். “முந்தாநாள் சாயங்காலம் உனக்குப் போன் போடணும்னு கேட்டாரு.”

கிளென் திரும்பினான்.

“நான்தான் நாளைக்குன்னுட்டேன். அலுப்பா இருந்துச்சு. எழுந்திருக்க முடியல.”

தூரத்தில் ரோண்டாவின் ஜெனரேட்டர் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு.”

“கிளெனுக்கு ஒரு போன் போட்டுப் பாக்கலாமா, இந்நேரம் வேலை முடிஞ்சு வந்திருப்பான்னாரு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். நான் நாளைக்குன்னேன். சரி நாளைக்குன்னாரு.”

கிளென் எழுந்தான். தண்ணீரின் ஓரம்வரை போய் நின்றான். அங்கிருந்து திரும்பாமலே கேட்டான். “நாலு வருஷத்துல ஒரே ஒரு தடவ. அதையும் நீ நாளைக்குன்னுட்ட.”

“ஆமா.”

அவன் அவளைத் தாண்டி நடந்து போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். இன்ஜினை ஓடவிட்டுக் குளிர்காற்றில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் வெயில் பட்டதால் உள்ளே அவன் என்ன செய்கிறான் என்று தெரியவில்லை. ஷெரில் போய்ப் பார்க்கவில்லை. நெவிலின் பெட்டியைக் கட்டினாள். மருந்துகளை ஒரு பையில் போட்டாள். மடக்கு நாற்காலியை மடக்கினாள். டீக் குவளைகள் இரண்டும் நேற்றுக் காலையிலிருந்து பலகைத்தளத்திலேயே கிடந்தன, ஒன்றில் டீ விளிம்புவரை இருந்தது, ஈக்கள் மிதந்தன. அதை நாணலில் ஊற்றிவிட்டுக் கழுவினாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கிளென் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தான். சாலையோரக் கடையில் வாங்கிய சாண்ட்விச், ரொட்டி ஓரங்கள் காய்ந்திருந்தன. பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டினான். அவன் கண்கள் சிவந்திருந்தன. தூக்கமில்லாத கண்ணும் அப்படித்தான் இருக்கும்.

பாதி சாப்பிட்ட பிறகு, “இந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட்டு,” என்றான். “ஆறு மணிக்கெல்லாம் உள்ள போயிடுவேன். போன உள்ள விடமாட்டான். நீ அடிச்சிருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.”

அது உண்மையா என்று ஷெரில் கேட்கவில்லை. சாண்ட்விச்சை மெல்ல மெல்ல மென்றாள். உள்ளே வைத்திருந்த பீட்ரூட் துண்டு வழுக்கி மடியில் விழுந்தது, எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“இப்படியே அரைக்கால் சட்டையோடயா அனுப்பறது?” என்றான் கிளென். “துணி இருக்கா?”

வெள்ளைச் சட்டை ஒன்றும் சாம்பல் நிறக் கால்சட்டையும் பெட்டியில் இருந்தன. திரும்பும் வழியில் ஓட்டலில் ஒரு வேளை சாப்பிடலாம் என்று எடுத்து வந்தது. இருவரும் குளிர் அறைக்குப் போனார்கள். முதலில் பையை மாற்ற வேண்டும் என்றாள் ஷெரில். நானா என்றான் அவன். நீ பிடித்துக்கொண்டால் போதும் என்றாள். கிளென் அப்பாவின் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். அவள் பழைய பையைக் கழற்றி, சுற்றிலும் வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றித் துடைத்து, புதியதை ஒட்டி, ஓரத்தை விரலால் அழுத்தினாள். ஒரு நிமிஷங்கூட ஆகவில்லை.

“வலிக்குமா இது?”

“வலிக்காது. வெக்கப்படுவாரு. அவ்வளவுதான்.”

சட்டையின் கையை நுழைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. உடம்பு விறைத்திருந்தது. கடைசியில் கிளென் ஒரு கத்திரிக்கோல் கேட்டு வாங்கி, முதுகுப்பக்கம் சட்டையை நீளமாக வெட்டி, முன்பக்கமாகவே இரண்டு கைகளையும் மாட்டிவிட்டான். எங்கே கற்றுக்கொண்டாய் என்று அவள் கேட்டாள். அம்மாவுக்கு அப்படித்தான் செய்தார்கள், நான் பார்த்தேன் என்றான். பொத்தான்களை அவனே போட்டான். மேல் பொத்தானைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கழற்றிவிட்டான்.

சவ வண்டி மூன்றரைக்கு வந்தது. வெள்ளை வேன், பின்கதவில் எந்த எழுத்தும் இல்லை. வந்த இரண்டு பேரும் அதிகம் பேசாதவர்கள். ரோண்டா கொடுத்த தண்ணீரைக் குடித்தார்கள், கிளென் கையெழுத்துப் போட்டான், பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. ரோண்டா வேனின் கதவு சாத்தப்படும்வரை தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மொழியில் மெதுவாக ஏதோ சொன்னாள். பிறகு ஷெரிலைக் கட்டிப்பிடித்து, போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடு கண்ணு என்றாள்.

முதலில் வேன் கிளம்பியது. அதன் பின்னால் கிளென். கடைசியாக ஷெரில். மகன் முன்னால் போவதுதான் முறை என்று அவளும் நின்று வழிவிட்டாள். அந்தச் சாலையில் ஒரு வண்டிக்குப் பின்னால் போவதே கஷ்டம். இரண்டு வண்டிகளின் புழுதிக்குப் பின்னால் அவளுக்குச் சாலையே தெரியவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டும் பல்லில் மண் நறநறத்தது. வேகத்தைக் குறைத்து, அரைக் கிலோமீட்டர் பின்தங்கினாள். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாததால் கார் குலுங்கும்போது மருந்துப் பை அங்குமிங்கும் உருண்டது. வேன் அவள் கண்ணுக்கே தெரியவில்லை. முன்னால் சிவப்பாக ஒரு சுவர் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

இருபது கிலோமீட்டர் போயிருப்பாள். சாலையின் இடது ஓரத்தில் கிளெனின் கார் நின்றிருந்தது. டயர் வெடித்துவிட்டதோ என்று நினைத்து வேகத்தைக் குறைத்தாள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மனிதர் இல்லாத அந்த இடத்தில் அவன் முறையாக சிக்னல் போட்டு நின்றிருந்தான். அவள் நெருங்கும்போது ஜன்னலிலிருந்து அவன் கை மட்டும் வெளியே வந்தது. போ, முன்னால் போ என்று இரண்டு முறை அசைந்தது. அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

ஷெரில் அவனைக் கடந்து போனாள். கொஞ்ச தூரம் ஓட்டியதும் புழுதிக்கு ஊடே வேனின் வெள்ளைக் கதவுகள் தெரிந்தன. அவற்றைப் பார்வையில் வைத்துக்கொண்டு, நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினாள். பின்கண்ணாடியில் அவளுடைய புழுதி எழுந்து சாலையை மூடியது. கொஞ்ச நேரம் கழித்து அதற்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் எரிந்தபடி வந்தன.